தலையணைக்கடியில் ஒரு ரிவால்வர்

பிரெஞ்சில் ஒரு வழக்கு உண்டு: "தொர்மிர் ஆன் ஷியென் து ஃப்யூஸி". முழங்காலை வயிற்றோடு மடக்கிச் சுருண்டு படுப்பதை அப்படிச் சொல்வார்கள். துப்பாக்கியின் சுத்தியலுக்குப் பிரெஞ்சில் "ஷியென்", அதாவது நாய் என்று பெயர். பழைய துப்பாக்கிகளில் அது வளைந்து சுருண்டிருக்கும். அதைப் போலப் படுப்பது என்று பொருள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் நான் படித்த காலத்தில் ஆசிரியர் இதை விளக்கியபோது வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. துப்பாக்கியோடு தூங்குகிற ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார்.

என் அம்மாவின் அப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, சைகோனில் பல வருஷம் இருந்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அங்கே பழகிய பழக்கமோ என்னவோ, தலையணைக்கடியில் ரிவால்வர் இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. பகலில் அது அலமாரியின் மேல்தட்டில், பென்ஷன் காகிதங்கள் வைத்திருந்த பிஸ்கட் டின்னுக்குள் இருக்கும். அது தனக்கும் பாட்டிக்கும் மட்டுமே தெரியும் என்று தாத்தா நம்பினார். எனக்கு ஏழு வயதிலேயே தெரியும்.

எட்டு வயதில், ஒரு கோடை விடுமுறை மதியம், பெரியவர்கள் எல்லாம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் நாற்காலி போட்டு ஏறி அதை எடுத்தேன். எதிரே என் சித்தி மகன் நின்றான். அவனுக்கு ஆறு வயது. ஒரு விரலால் விசையை இழுக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு ஆள்காட்டி விரலையும் கொடுத்து இழுத்தேன். "டக்" என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். "இப்ப எனக்குக் குடு" என்று அவன் கை நீட்டினான். அன்று ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம் டெக்சாஸில் இருக்கும் என் அக்கா மகன். போன மாதம் வீடியோவில் பேசும்போது, "மாமா, எங்க தெருவுல ரெண்டு வீட்ல திருடன் புகுந்துட்டான். நானும் ஒரு கைத்துப்பாக்கி வாங்கிட்டேன். ராத்திரி அவசரத்துக்கு உடனே கைக்கு வரணும், பிள்ளைங்க கையிலயும் படக்கூடாது. எங்க வைக்கிறதுன்னுதான் தெரியல" என்றான். பிள்ளைகளுக்கு ஒன்பதும் ஐந்தும். நான் துப்பாக்கி சுட்டவனில்லை. ஆனால் அவன் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. சில வாரங்கள் தேடிப் படித்தேன். அமெரிக்கர்கள் இந்தக் கேள்வியோடு இருநூறு வருஷத்துக்கும் மேலாக மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

1783இலேயே மாசசூசெட்ஸ் சட்டமன்றம் பாஸ்டன் நகரத்துக்கென ஒரு சட்டம் போட்டது. குண்டும் மருந்தும் ஏற்றிய துப்பாக்கியை வீடு, கொட்டகை, கடை, கிடங்கு எதற்குள்ளும் வைக்கக்கூடாது என்பது அதன் சாரம். அன்று அவர்கள் பயந்தது குழந்தைகளுக்காக அல்ல, தீக்காக. மர வீடுகள் நெருக்கமாக இருந்த ஊர். வீடு பற்றிக்கொண்டால் உள்ளே ஏற்றி வைத்த துப்பாக்கி தானாகவே வெடித்து, தீயணைக்க வந்தவர்களைக் கொன்றுவிடும்.

அடுத்த நூற்றாண்டில் உலோகத் தோட்டா வந்தது. மருந்தை அளந்து கொட்டி, குண்டை இடித்து இறக்குகிற வேலை போயிற்று. ஆறு தோட்டாவைப் போட்டு மேசை இழுப்பறையில் வைத்துவிட்டால் வருஷக்கணக்கில் தயாராக இருக்கும். அதாவது, எடுத்தவர் யாராக இருந்தாலும் உடனே வெடிக்கும். இரவில் கைக்கெட்டும் துப்பாக்கியும் அதனால் வரும் விபத்தும் ஒன்றாகவே வீட்டுக்குள் நுழைந்தன.

முதலில் இதற்குத் தீர்வு தேடியவர்கள் துப்பாக்கி செய்தவர்கள்தான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தை நடத்திய டேனியல் வெஸ்ஸன், ஒரு குழந்தை ரிவால்வரால் காயப்பட்ட செய்தி கேட்டு மனம் வருந்திப் புதிய வகை ஒன்றைச் செய்யச் சொன்னார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியிருந்தாலும் ரிவால்வர் உண்மை. 1887இல் அது விற்பனைக்கு வந்தது. சுத்தியல் வெளியே தெரியாமல் உடலுக்குள் மறைந்திருக்கும். பிடியின் பின்புறத்தில் ஒரு நெம்புகோல். உள்ளங்கையால் அதை இறுக்கிக்கொண்டே விசையையும் பலமாக இழுத்தால்தான் சுடும். எலுமிச்சம்பழம் பிழிவது போலப் பிடிக்க வேண்டியிருந்ததால் "எலுமிச்சை பிழிவான்" என்றே அதற்குப் பட்டப்பெயர். எட்டு வயதுக்குட்பட்ட சாதாரணக் குழந்தையால் இதைச் சுட முடியாது என்று நிறுவனம் விளம்பரம் செய்தது. அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் விசையை இழுத்தபோது எனக்குச் சரியாக எட்டு வயது.

மாசசூசெட்ஸின் ஐவர் ஜான்சன் நிறுவனம் வேறு வழியில் போனது. விசையை முழுதாக இழுத்தால்தான் சுத்தியலின் அடி தோட்டாவைச் சென்றடையும்படி நடுவே ஒரு தகட்டை வைத்தது. கீழே விழுந்தாலும், சுத்தியல் மேல் தட்டினாலும் சுடாது. இது நல்ல கண்டுபிடிப்பு. இன்றைய ரிவால்வர்கள் பலவற்றிலும் இந்த உத்தி இருக்கிறது. ஆனால் 1904 வாக்கில் அவர்கள் வெளியிட்ட ஒரு விளம்பரப் படம் இருக்கிறதே! இரவு உடையில் ஒரு சிறுமி, கட்டிலில் பொம்மையை வைத்துக்கொண்டு, கையில் ரிவால்வருடன் விளையாடுகிறாள். இது நம்மை ஒன்றும் செய்யாது என்று அப்பா சொல்லியிருக்கிறாராம். தவறி விழுந்து வெடிப்பது வேறு, குழந்தை விரலை விட்டு இழுப்பது வேறு. அந்தப் படம் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டது.

நான் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் பிரான்சையும் கொஞ்சம் பார்த்தேன். சைக்கிள், தையல் இயந்திரம் எல்லாவற்றையும் தபாலில் விற்ற சேன்ட்-எத்தியேன் நகர நிறுவனம் ஒன்று, முதல் உலகப்போருக்குச் சற்று முன் "லெ ஃப்ரான்சே" என்ற சிறிய கைத்துப்பாக்கியை விற்றது. குழல் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துவிடலாம். மேகசினின் அடியில் ஒரு தோட்டாவைச் செருகி வைக்க ஒரு வளையம். குழலைக் காலியாக வைத்திருந்து, வேண்டும்போது அந்தத் தோட்டாவை எடுத்துப் போட்டு மூடினால் தயார். பாதுகாப்புக்கும் வேகத்துக்கும் நடுவே ஒரு சமரசம் அது.

இவை எல்லாவற்றிலும் ஒரு குறை பொது. பாதுகாப்பு துப்பாக்கிக்குள்ளேயே இருக்கிறது. துப்பாக்கி குழந்தையின் கைக்குப் போனால் அந்தப் பாதுகாப்பும் அதன் கைக்கே போய்விடுகிறது. பிறகுதான் சட்டம் தலையிட்டது.

தலைநகர் வாஷிங்டனில் 1976இல் நடைமுறைக்கு வந்த சட்டம் கைத்துப்பாக்கியைக் கிட்டத்தட்டத் தடையே செய்தது. மற்ற துப்பாக்கிகளைத் தோட்டா இல்லாமல், கழற்றியோ விசைப் பூட்டுப் போட்டோதான் வீட்டில் வைக்க வேண்டும். 1989இல் ஃபுளோரிடாவில் சில வார இடைவெளியில் குழந்தைகள் அடுத்தடுத்துச் சுடப்பட்டதையடுத்து, குழந்தை கைக்கெட்டும்படி துப்பாக்கி வைத்திருக்கும் பெரியவரைத் தண்டிக்கும் சட்டம் வந்தது. அமெரிக்காவில் இவ்வகையில் அதுவே முதல். பின்னர் பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. என் மருமகன் இருக்கும் டெக்சாஸிலும், 17 வயதுக்குட்பட்டவர் கைக்குக் குண்டேற்றிய துப்பாக்கி கிடைக்கும்படி விட்டு வைப்பது குற்றம். 2005ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி உரிமம் பெற்ற வியாபாரி கைத்துப்பாக்கி விற்கும்போது பூட்டோ பாதுகாப்புப் பெட்டியோ சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

வாஷிங்டன் சட்டத்தை எதிர்த்தவர்களில் ஒருவர் டிக் ஹெல்லர். கூட்டாட்சி அரசுக் கட்டடம் ஒன்றில் ஆயுதத்தோடு காவல் வேலை பார்த்தவர். வேலையிடத்தில் துப்பாக்கி வைத்திருக்கலாம், வீட்டில் வைத்திருக்கக்கூடாதா என்பது அவர் கேள்வி. 2008 மார்ச் 18 அன்று உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. அதன் எழுத்துப் பதிவில் ஒரு பகுதியை நான் மூன்று முறை படித்தேன். நகரத்தின் வழக்கறிஞர் வால்டர் டெலிங்கர், எண் பூட்டை எளிதில் திறந்துவிடலாம் என்கிறார். நீதிபதி ஸ்காலியா, நடுராத்திரியில் விளக்கைப் போட்டு எண்ணைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்கிறார். தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், அப்புறம் மூக்குக் கண்ணாடியையும் தேட வேண்டும் என்கிறார். மன்றமே சிரிக்கிறது. டெலிங்கர் விடாமல், தனக்கு மூன்று வினாடிதான் ஆயிற்று, விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்கிறார்.

அந்த ஆண்டு ஜூன் 26இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஹெல்லர் வென்றார். தற்காப்புக்குக் கூடத் திறக்க முடியாதபடி பூட்டி வைக்கச் சொல்வது செல்லாது என்பது தீர்ப்பு. ஆனால் அதே தீர்ப்பில், விபத்தைத் தடுக்கத் துப்பாக்கியைப் பத்திரமாக வைக்கச் சொல்லும் சட்டங்களை இது பாதிக்காது என்றும் ஸ்காலியா எழுதினார். இந்த வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சான்பிரான்சிஸ்கோவில் 2007இல் வந்த விதி வேறு மாதிரி. துப்பாக்கியை உடம்போடு வைத்திருந்தால் பூட்டு வேண்டாம். கையை விட்டுக் கீழே வைத்தால் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும், அல்லது விசைப் பூட்டு வேண்டும். தனியாக வாழ்ந்த வயதான பெண்மணி ஒருவரும் சேர்ந்து வழக்குத் தொடுத்தார். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியை ஏற்றுக்கொண்டது. இன்றைய பெட்டிகளை நொடிகளில் திறக்கலாம் என்பது அது கண்ட முக்கியமான காரணங்களில் ஒன்று. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. நீதிபதி தாமஸ் உடன்படவில்லை. தூங்கும்போதுதான் ஒருவருக்குத் துப்பாக்கி அதிகம் தேவைப்படும், அப்போதுதானா அதைப் பூட்டி வைப்பது என்பது அவர் வாதம். எனக்கு இருவர் சொல்வதிலும் நியாயம் தெரிகிறது. ஆனால் தூங்குகிறவர் காவலாளியும் அல்ல. அவர் தூங்கும்போது அந்த வீட்டில் விழித்திருப்பது யார் என்று யாருக்குத் தெரியும்?

ஆக, கேள்வி கடைசியில் பெட்டியில் வந்து நின்றது. பெட்டிகளிலும் பல ரகம். 1960களில் வந்த "சிம்ப்ளெக்ஸ்" பூட்டில் ஐந்து பொத்தான்கள். சில பொத்தான்களை வரிசையாகவும், வேண்டுமானால் இரண்டை ஒன்றாகவும் அமுக்க வேண்டும். மொத்தம் 1,082 விதமாக அமைக்கலாம். மின்கலம் கிடையாது. விளக்கும் மூக்குக் கண்ணாடியும் வேண்டாம், இருட்டில் விரல் தடவித் திறக்கலாம். தலைமை நீதிபதியின் கிண்டலுக்கு அது பழைய காலத்துப் பதில்.

பிறகு மின்னணுப் பெட்டிகளும் கைரேகைப் பெட்டிகளும் வந்தன. எல்லாமே நம்பத்தக்கவை அல்ல. 2012இல் பூட்டு ஆராய்ச்சியாளர்கள் சிலர், சந்தையில் விற்ற சிறிய பெட்டிகளைக் கம்பித் துண்டாலும், சில அங்குலம் தூக்கிக் கீழே போட்டும் திறந்து காட்டினார்கள். 2023 அக்டோபரில் ஒரு நிறுவனம் சுமார் 61,000 கைரேகைப் பெட்டிகளைத் திரும்பப் பெற்றது. உரிமையாளர் தன் ரேகையைப் பதிவு செய்யும்வரை அது யார் விரலுக்கும் திறக்கும். பதிவாகிவிட்டது என்றே உரிமையாளர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு பெட்டியிலிருந்து எடுத்த துப்பாக்கியால் 12 வயதுச் சிறுவன் இறந்ததாக வழக்கும் இருக்கிறது.

கைரேகை பற்றி என் அனுபவம் வேறு. பென்ஷனுக்கு வருஷா வருஷம் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்கப் போனால், கட்டை விரலை எத்தனை முறை அழுத்தினாலும் இயந்திரம் ஏற்காது. வயதாகி ரேகை தேய்ந்துவிட்டது. நான் உயிரோடு இருப்பதையே ஒப்புக்கொள்ளாத இயந்திரம், நடுராத்திரி வியர்த்த கைக்குத் திறக்குமா? அக்கா மகனிடம் சொன்னேன்: "கைரேகை இருக்கட்டும்டா, ஆனா அதை மட்டும் நம்பாதே."

இனி மனிதர்கள் பக்கம். 2006இல் அமெரிக்க மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வந்த ஆய்வு, துப்பாக்கி உள்ள வீடுகளில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியே கேட்டது. துப்பாக்கி இருக்குமிடம் என் பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 39 சதவீதம் பேரின் பிள்ளைகள், தெரியும் என்றார்கள். பிள்ளை தொட்டதே இல்லை என்ற பெற்றோரில் 22 சதவீதம் பேரின் பிள்ளைகள், தொட்டிருக்கிறேன் என்றார்கள். என் தாத்தாவைக் கேட்டிருந்தால் அவரும் சத்தியம் செய்திருப்பார்.

2005இல் வந்த இன்னொரு ஆய்வு, பிள்ளைகள் காயப்பட்ட வீடுகளையும் அப்படி நடக்காத வீடுகளையும் ஒப்பிட்டது. துப்பாக்கியைப் பூட்டுவது, குண்டேற்றாமல் வைப்பது, தோட்டாவைப் பூட்டுவது, தோட்டாவை வேறிடத்தில் வைப்பது என நான்கும் தனித்தனியே ஆபத்தைக் குறைத்திருந்தன. அந்த ஆய்வில் விபத்தை விடத் தற்கொலையே அதிகம். பரீட்சையில் தோற்ற பையனும் மனமுடைந்த பெண்ணும் அந்த ஒரு கணத்தைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் பூட்டு எடுக்கும் சில நிமிடங்களே ஓர் உயிர். திருடனுக்காக நாம் மிச்சம் பிடிக்கும் மூன்று வினாடி இன்னொருவருக்கு எமனாகிவிடக்கூடும்.

அக்கா மகனுக்கு நான் எழுதியனுப்பியது இதுதான். தலையணைக்கடி, மெத்தை இடுக்கு, அலமாரி மேல்தட்டு எதுவும் பூட்டு அல்ல. ஒளித்து வைப்பது பெரியவர்களை மட்டும்தான் ஏமாற்றும். கட்டிலோரம் சுவரிலோ கனமான மரச்சாமானிலோ திருகி இறுக்கிய இரும்புப் பெட்டி வை. தூக்கிப் போகவோ, குலுக்கவோ முடியக்கூடாது. விரலால் தடவித் திறக்கும் பொத்தான் பூட்டு நல்லது. மின்கலப் பெட்டியானால் தவணை தவறாமல் மின்கலம் மாற்று. மாற்றுச் சாவியை இழுப்பறையில் போடாதே. புதுப்பெட்டியை வாங்கியதும், பதிவு செய்யாத விரல்களுக்கும் திறக்கிறதா என்று உன் மனைவியை விட்டுச் சோதித்துப் பார். குண்டேற்றிய துப்பாக்கிக்கு விசைப் பூட்டுப் போடாதே, மாட்டும்போதே வெடிக்கலாம். காலிப் பெட்டியை இருட்டில் திறந்து பழகு. பக்கத்தில் ஒரு டார்ச்சும் கைபேசியும் இருக்கட்டும். இருட்டில் வருவது யார் என்று தெரியாமல் சொந்தப் பிள்ளையையே சுட்ட அப்பாக்கள் உண்டு. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, தோட்டாவை எடுத்து வேறு பூட்டுக்குள் வை. வீட்டில் யாருக்காவது மனசு சரியில்லை என்று தோன்றினால், துப்பாக்கியை அந்த வீட்டை விட்டே வெளியே அனுப்பு.

கருவூலத்தில் எழுத்தராக இருந்த வருஷங்களில் இரட்டைப் பூட்டு முறையை தினமும் பார்த்திருக்கிறேன். பணப்பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம் ஒவ்வொன்று. ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. யார் மீதும் சந்தேகம் என்பதால் அல்ல. மனிதன் மறப்பான், அசருவான் என்பதால். அந்த முறையை நான் வேலைக்குச் சேர்ந்துதான் கற்றேன் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

தாத்தா காலமாகி, ரிவால்வரைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, பல வருஷம் கழித்து, அந்த மதியத்தைப் பற்றி ஒருநாள் பாட்டியிடம் ஒப்புக்கொண்டேன். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதுல குண்டு ஏதுடா? குண்டு எங்கிட்டல்ல இருந்தது" என்றார்.

கல்யாணமான புதிதிலேயே பாட்டி தாத்தாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்: "துப்பாக்கி உங்ககிட்ட இருக்கட்டும். குண்டு எங்கிட்ட இருக்கும்." தினமும் இரவு படுக்கப் போகும்போது ஆறு தோட்டாவையும் தாத்தாவிடம் எண்ணிக் கொடுப்பார். விடிந்ததும், காபி கொடுக்கும் முன் எண்ணி வாங்கிக்கொள்வார். அவை அவருடைய இரும்புப் பெட்டிக்குள் போய்விடும். சாவி பாட்டி இடுப்பில். வாங்க மறந்த நாள் உண்டா என்று கேட்டேன். "ஒருநாள் அஞ்சுதான் இருந்துச்சு. ஆறாவது கட்டிலுக்கடியில உருண்டு கிடந்துச்சு. அது கிடைக்கிற வரைக்கும் அன்னிக்கு உங்க தாத்தாவுக்குக் காபி இல்லே" என்றார்.

சித்தி மகனுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. பேரன் பேத்திகளோடு லாஸ்பேட்டையில் இருக்கிறான். அவனுக்கு அந்த மதியம் ஞாபகமே இல்லை. எனக்கு அந்த "டக்" சத்தம் இன்னும் கேட்கிறது.